முல்லை என்றால் கருவேலங்காடா? ஓர் ஆசிரியைக்குப் பதில்

கேள்வி: ஐயா, ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஈராசிரியர் பள்ளி. நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்த்து என் பொறுப்பு, மொத்தம் 20 பிள்ளைகள். தமிழும் கணக்கும் எப்படியோ ஓடிவிடுகின்றன, சமூக அறிவியலில்தான் தடுமாறுகிறேன். கேள்வி பதிலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறேன். "குறிஞ்சின்னா என்ன?" என்று கேட்டால் "மலையும் மலை சார்ந்த இடமும்" என்று ஒரே குரலில் சொல்கிறார்கள், "அங்க ஏன் நம்ம ஊர் மாதிரி நெல் வயல் இல்ல?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். குழுவாக உட்கார வைத்துப் பார்த்தேன், ஒரு பிள்ளை எழுத மற்றவர்கள் விளையாடினார்கள். சொந்தக் காசில் சார்ட் வாங்கிப் படம் ஒட்டினேன், இரண்டு நாள் பார்த்தார்கள், அப்புறம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைமை ஆசிரியர் வகுப்பில் சத்தம் அதிகம் என்கிறார். நான் எங்கே தவறு செய்கிறேன்?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். குழுவையும் படத்தையும் தனித்தனியாக முயன்று பார்த்திருக்கிறீர்கள், இரண்டும் கைகொடுக்கவில்லை. காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். உங்கள் குழுவில் ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை தேவைப்படவில்லை. ஐந்து பேருக்கும் ஒரே பாடம், ஒரே கேள்வி, பதிலும் புத்தகத்தில் ஒரே வரியில் இருக்கிறது. வேகமாகப் படிக்கத் தெரிந்தவள் அந்த வரியைக் கண்டுபிடித்து எழுதிவிட்டால் மற்ற நாலு பேருக்கு அங்கே என்ன வேலை? விளையாடத்தான் செய்வார்கள், அதில் அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. படத்துக்கும் அதே கதிதான். சுவரில் ஒட்டிய படத்தைப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும் என்கிற மாதிரி ஒரு கேள்வியும் நீங்கள் கேட்கவில்லை, அதனால் அது அலங்காரமாகிவிட்டது.

ஆகவே நான் சொல்லப்போவது இவ்வளவுதான்: பாடத்தின் ஒரு துண்டு ஒரு பிள்ளையிடம் மட்டும் இருக்க வேண்டும், அந்தத் துண்டு பெரும்பாலும் ஒரு படமாக இருக்க வேண்டும், எல்லாத் துண்டும் சேர்ந்தால்தான் பதில் வரும் என்கிற ஒரு கேள்வி இருக்க வேண்டும். ஐவகை நிலத்தையே எடுத்துக்கொள்வோம், நீங்கள் மாட்டிக்கொண்ட இடமும் அதுதானே. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் போன வருஷம் படித்த பாடம் என்று யோசிக்காதீர்கள், அவர்களுக்கும் அது மனப்பாடமாகத்தான் போயிருக்கும்.

அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு பள்ளியில் மாதிரி வகுப்பு எடுக்கப் போனபோது குறிஞ்சிக்கு ஒரு காலண்டர் படத்தைக் கொண்டுபோனேன். ஊட்டி தேயிலைத் தோட்டம், பச்சைப் பசேல் என்று அழகாக இருந்தது. "இதுதான் குறிஞ்சி நிலம், இங்கேதான் தினை விளைந்தது" என்று பேசிக்கொண்டே போகிறேன், முன் வரிசையில் ஒரு சின்னப் பெண், "சார், அப்பவே டீ குடிச்சாங்களா?" என்று கேட்டாள். மலைச்சரிவில் வரிசை வரிசையாகத் தேயிலை நிற்பது வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த காட்சி, சங்க காலத்து மலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அழகாக இருக்கிறதே என்று எடுத்தேனே தவிர, அந்தப் படத்தில் என்னென்ன இருக்கிறது என்று நான் ஒரு நிமிஷம்கூட உட்கார்ந்து பார்க்கவில்லை. அந்தப் பெண் பார்த்தாள். அன்றிலிருந்து எந்தப் படத்தையும் வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் ஐந்து நிமிஷம் நானே பார்த்துவிடுகிறேன், என்ன தெரிகிறது, எது எந்தக் காலத்தது, பிள்ளைகள் எதைக் கேட்பார்கள் என்று.

உங்கள் மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு, உங்களுக்கே தெரிந்திருக்கும். "முல்லை என்றால் காடும் காடு சார்ந்த இடமும்" என்று சொல்கிறோம். உங்கள் பிள்ளைகளின் வீட்டில் காடு என்றால் என்ன? "அப்பா காட்டுக்குப் போயிருக்காரு" என்றால் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருக்கிறார் என்று அர்த்தம். இல்லாவிட்டால் ஊரைச் சுற்றி நிற்கும் சீமைக் கருவேல மரம். அந்தப் பிள்ளை "காடு" என்று மனப்பாடம் செய்யும்போது மனதில் ஓடுவது மிளகாய்த் தோட்டமும் கருவேல முள்ளும்தான், நீங்கள் நினைக்கும் மரமும் மாடும் புல்லும் இல்லை. ஒரே சொல்லை இரண்டு பேரும் சொல்கிறீர்கள், இரண்டு வேறு காட்சிகளைப் பார்க்கிறீர்கள். சமூக அறிவியலுக்குப் படம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால் இதற்காகத்தான். மலையையே பார்க்காத பிள்ளைக்கு "மலை சார்ந்த இடம்" என்பது வெறும் சத்தம். அதே சமயம் அந்தப் பிள்ளை சொல்வதைத் தப்பு என்றும் தள்ளிவிடாதீர்கள், ஏனென்றால் முல்லையில் விளைந்ததாகச் சொல்லப்படும் வரகும் சாமையும் மானாவாரிப் பயிர்கள்தான், மழையை நம்பிய நிலம்தான், அப்பாவின் காட்டுக்கும் முல்லைக்கும் உறவு இருக்கத்தான் செய்கிறது.

சரி, வகுப்புக்கு வருவோம். 20 பேரை நாலு நாலு பேராக ஐந்து குழுவாகப் பிரியுங்கள். இதற்கு வீட்டுக் குழு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வீட்டுக் குழுவிலும் நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் கலந்திருக்கட்டும், நன்றாக வாசிப்பவரும் எழுத்துக் கூட்டுபவரும் கலந்திருக்கட்டும். ஒரு வீட்டில் ஒருவருக்குக் குறிஞ்சி, ஒருவருக்கு முல்லை, ஒருவருக்கு மருதம், ஒருவருக்கு நெய்தல். பாலை எங்கே என்று கேட்பீர்கள், அதை வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறேன், பிறகு வருகிறேன்.

இப்போது எல்லாரும் எழுந்து நிலக் குழுவுக்குப் போக வேண்டும். ஐந்து வீட்டிலிருந்தும் வந்த குறிஞ்சிக்காரர்கள் ஐந்து பேர் ஒரு பாயில், முல்லைக்காரர்கள் ஒரு பாயில், அப்படியே மற்ற இரண்டும். ஒவ்வொரு பாயிலும் அந்த நிலத்தின் மூன்று படங்கள் மட்டும் கிடக்கும். அந்த நிலத்துக்கு இருக்கும் புத்தகப் பக்கத்தை முதல் பத்து நிமிஷம் கொடுக்காதீர்கள். படத்தை மட்டும் பார்க்கட்டும். முதல் சுற்றில் ஆளுக்கு ஒன்று, "கண்ணுக்குத் தெரியறத மட்டும் சொல்லு." மரம் இருக்கு, ஆடு நிக்குது, தரை சரிவா இருக்கு. இங்கே யாரும் விளக்கம் சொல்லக் கூடாது, "அழகா இருக்கு" என்பதுகூடக் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று தள்ளிவிடுங்கள். அடுத்த சுற்றில் "இங்க இருக்கிறவங்க என்ன சாப்பிடுவாங்க? எத வச்சுச் சொல்ற?" என்று கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வியை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். "தண்ணி ஓடிப்போயிரும் சார், சரிவா இருக்குல்ல, அதான் நெல்லு நிக்காது" என்று ஒரு பிள்ளை தானாகச் சொல்லும் இடம் அதுதான், உங்கள் கடிதத்தில் பிள்ளைகள் விழிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதே கேள்விக்கான பதில். மூன்றாவது சுற்றில் "படத்துக்கு வெளிய என்ன இருக்கும்னு நினைக்கிற?" இதற்குப் பிறகு புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். தாங்கள் நினைத்தது சரியா என்று தேடுகிற ஆவலோடு படிப்பார்கள், அந்த வாசிப்பே வேறு மாதிரி இருக்கும்.

இந்த இடத்தில் உங்கள் வகுப்பின் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். நாலாம் வகுப்புக்கு வந்தும் அரும்பு என்கிற தொடக்க வாசிப்பு நிலையிலேயே நிற்கிற நாலைந்து பேர் எந்தப் பள்ளியிலும் இருப்பார்கள். எழுத்தைக் கொடுத்தால் அவர்கள் பின்னால் போய்விடுவார்கள். படத்தைக் கொடுத்தால் பல நேரம் முன்னால் வருவது அவர்கள்தான். ஆடு மேய்க்கப் போகிற பையனுக்கு மேய்ச்சல் நிலப் படத்தில் தெரிவது முதல் ரேங்க் எடுக்கும் பிள்ளைக்குத் தெரியாது. அப்பாவோடு கடலுக்குப் போய் வந்தவன் நெய்தல் படத்தில் வலையைப் பார்த்தே என்ன மீனுக்கு என்று சொல்லிவிடுவான். அவன் வீட்டுக் குழுவுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லப்போவதை அங்கே வேறு யாராலும் சொல்ல முடியாது, அதனால் அவர்கள் அவனைக் கேட்டே ஆக வேண்டும். அவனுக்குச் சமூக அறிவியல் வருகிறதா இல்லையா என்பதைவிட அந்தப் பத்து நிமிஷம் அவன் வாழ்க்கையில் பெரியது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

இந்த முறை எங்கே பிறந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் ஊருக்கு நேராகப் பொருந்துகிறது. 1971இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், அதுவரை தனித்தனிப் பள்ளிகளில் படித்த வெள்ளையர், கறுப்பர், மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டார்கள். ஒரே அறையில் உட்கார்ந்ததால் மட்டும் ஒட்டிவிடவில்லை, சண்டையும் வெறுப்பும்தான் வந்தன. எலியட் ஆரன்சன் என்கிற சமூக உளவியலாளரை அழைத்தார்கள். அவரும் அவருடைய மாணவர்களும் வகுப்புகளில் போய் உட்கார்ந்து பார்த்தபோது, ஆசிரியர் கேட்க, பிள்ளைகள் கை தூக்க, ஒருவன் தப்பாகச் சொன்னால் மற்றவர்களுக்கு வாய்ப்பு என்பதால் உள்ளுக்குள் மகிழ்வது என்கிற போட்டிதான் தெரிந்தது. அவர் பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். ஆங்கிலம் சரளமாக வராத ஒரு பையனை முதலில் மற்றவர்கள் கேலி செய்தார்கள், ஆனால் அவனிடம் இருக்கும் துண்டு இல்லாமல் தேர்வில் எழுத முடியாது என்று தெரிந்ததும் அவனிடம் பொறுமையாகக் கேள்வி கேட்டு வாங்கப் பழகிக்கொண்டார்கள். படத்துண்டுகளைப் பொருத்தும் விளையாட்டின் பெயரே இந்த முறைக்கு வந்தது, ஜிக்சா என்று.

உங்கள் ஊரில் எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெருப் பிள்ளையோடு உட்காருகிறது, யார் யாரிடம் தண்ணீர் பாட்டில் வாங்கிக் குடிக்காது என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் வீட்டுக் குழுவைப் பிள்ளைகளே பிரித்துக்கொள்ள விடாதீர்கள், நீங்கள் பிரியுங்கள், தெருக்கள் கலக்கும்படி பிரியுங்கள், ஏன் கலக்கிறேன் என்று வகுப்பில் விளக்கம் சொல்ல வேண்டாம். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு, இதைக் கட்டாயம் கவனியுங்கள். இந்தப் பாடத்தில் குறவர், ஆயர், உழவர், பரதவர், எயினர் என்று மக்களின் பெயர்கள் வருகின்றன. "நீ குறவன், நீ பரதவன்" என்று பிள்ளைகளுக்கு வேஷம் கட்டாதீர்கள். அந்தச் சொற்களில் சில இன்றைக்கும் சாதிப் பெயராகவும் வசவாகவும் புழங்குகின்றன, மதிய உணவு நேரத்துக்குள் அது பட்டப்பெயராகிவிடும். பிள்ளை அந்த நிலத்து ஆளாக நடிக்க வேண்டாம், அந்த நிலத்தை ஆராய்ந்து வந்தவராக இருக்கட்டும். "குறிஞ்சி பத்தித் தெரிஞ்சவங்க வாங்க" என்று கூப்பிட்டால் போதும்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பேச்சைப் பிடித்துக்கொண்டு நாலாம் வகுப்பை வாயைத் திறக்க விட மாட்டார்கள் என்கிற பயம் உங்களுக்கு வரும், நியாயமான பயம். அதற்குப் புளியங்கொட்டை போதும். ஆளுக்கு மூன்று கொட்டை. ஒரு தடவை பேசினால் ஒரு கொட்டையை நடுவில் வைக்க வேண்டும். மூன்றும் தீர்ந்தவர், எல்லாருடைய கொட்டையும் தீரும் வரை கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். முதல் நாள் வேகமாகப் பேசும் பிள்ளைகள் முதல் இரண்டு நிமிஷத்திலேயே மூன்றையும் தீர்த்துவிட்டுத் தவிப்பார்கள், இரண்டாம் நாள் யோசித்துச் செலவு செய்வார்கள். பேசாத பிள்ளையின் முன்னால் மூன்று கொட்டை அப்படியே கிடப்பதை எல்லாரும் பார்ப்பார்கள், நீங்கள் சொல்லாமலே "நீ சொல்லுடி" என்று அவர்களே கேட்பார்கள்.

முதல் நாள் நிலக் குழுவோடு முடிந்துவிடும், 40 நிமிஷத்தில் அதற்கு மேல் இழுக்காதீர்கள். இரண்டாம் நாள் வீட்டுக் குழு. நாலு பேரும் தத்தம் படத்தோடு திரும்பி வந்து மாறி மாறிச் சொல்கிறார்கள். சொல்லி முடித்ததும் நீங்கள் ஒரே ஒரு கேள்வியைக் கொடுங்கள்: மலையில் இருந்தவர்களுக்கு உப்பு எப்படிக் கிடைத்தது? இதற்குப் பதில் எந்த ஒரு படத்திலும் இல்லை. நெய்தல் தெரிந்தவரிடம் உப்பு இருக்கிறது, ஆனால் அது வயல்களையும் மேய்ச்சல் நிலத்தையும் தாண்டிப் போக வேண்டும், வழியில் யார் யார் இருக்கிறார்கள், பதிலுக்கு அவர்கள் என்ன கொடுப்பார்கள், மலைக்காரர் எதைக் கொண்டு இறங்குவார். நாலு பேரும் வாயைத் திறந்தால்தான் நகரும். தரையில் சாக்பீஸால் வழி வரைந்து, கூழாங்கல்லை உப்பாக வைத்து நகர்த்தச் சொல்லுங்கள். ஒரு வீடு "நெல்லுக்கு உப்பு" என்று மாற்றும், இன்னொரு வீடு "தேனுக்கு உப்பு" என்று மலை வரை கொண்டுபோகும், ஒரு வீடு வண்டி வேண்டும் என்று சண்டை போடும். கடைசியில் சங்கப் பாடல்களில் உப்பை வண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோன உமணர் என்பவர்கள் வருகிறார்கள், உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கினார்கள் என்று நீங்கள் சொன்னால், அதைப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். பண்டமாற்று என்கிற சொல்லை அப்போது கரும்பலகையில் எழுதுங்கள். முதலில் சொல்லை எழுதிவிட்டு விளக்கம் கொடுப்பதைவிட இது நிற்கும்.

இப்போது பாலைக்கு வருகிறேன். பாலைக்கென்று தனியாக ஒரு நிலம் நம் மரபில் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் மழையில்லாமல் வெயிலில் வறண்டு தம் இயல்பை இழந்தால் அதுதான் பாலை, சிலப்பதிகாரமே இப்படித்தான் சொல்கிறது. பாடம் நடத்தும்போது பெரும்பாலும் பாலை என்றவுடன் மணல்மேடும் ஒட்டகமும் உள்ள படத்தைக் காட்டிவிடுகிறோம், அது ராஜஸ்தான், நம் பாலை இல்லை. அதனால் பாலைக்குப் படமே கொடுக்காதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் குறிஞ்சிப் பிள்ளையும் முல்லைப் பிள்ளையும் தங்கள் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கட்டும். "இந்த ரெண்டு எடத்துலயும் மூணு வருஷம் மழையே பெய்யலன்னா இந்தப் படத்துல என்னென்ன மாறும்?" என்று மட்டும் கேளுங்கள். வரையட்டும். இலை உதிரும், புல் காயும், மாடு போய்விடும், ஓடை வற்றும், ஆட்கள் ஊரை விட்டுப் போவார்கள், சாப்பாட்டுக்கு வழியில்லாதவன் வழியில் போகிறவனைப் பிடித்துப் பறிப்பான். பாலையின் தொழில் வழிப்பறி என்று புத்தகம் ஒரு சொல்லில் சொல்வதை அந்தப் பிள்ளைகள் காரணத்தோடு தாங்களே கண்டுபிடித்திருப்பார்கள். ஐந்தாவது படம் வாங்கியது இல்லை, பிள்ளைகள் வரைந்தது. அதைச் சுவரில் ஒட்டுங்கள், அதைப் பார்ப்பார்கள்.

பாலையை இப்படி விட்டு வைப்பதில் நடைமுறை வசதி ஒன்றும் இருக்கிறது. உங்கள் ஊரில் தினமும் இரண்டு மூன்று பேர் வராமல் இருப்பார்கள், மிளகாய் பறிக்கும் நாளில் இன்னும் கூடும். ஐந்து நிலத்தை ஐந்து பேருக்குக் கொடுத்தால் ஒருவர் வராத அன்று அந்த வீடே நின்றுவிடும். நாலு பேராக இருந்தால் சமாளிக்கலாம், முல்லைப் பிள்ளை வராவிட்டால் பக்கத்து வீட்டு முல்லைப் பிள்ளை ஐந்து நிமிஷம் வந்து சொல்லிவிட்டுப் போகட்டும்.

மதிப்பீட்டில் பலரும் கோட்டை விடுகிறார்கள். குழுவுக்கு ஒரே மதிப்பெண் போட்டால் மறுபடியும் அந்த ஒரு பிள்ளை எழுதும் கதைதான். கூட்டுறவுக் கற்றலை நீண்ட காலம் ஆராய்ந்த ராபர்ட் ஸ்லாவின் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது இரண்டு விஷயம், குழுவுக்கு ஒரு பொது இலக்கு வேண்டும், ஆனால் அந்த இலக்கை எட்டுவது ஒவ்வொரு பிள்ளையும் தனியாகக் கற்றதைப் பொறுத்து இருக்க வேண்டும். ஆகவே மூன்றாம் நாள் ஐந்து சின்னக் கேள்வி, எல்லாரும் தனித்தனியாக, நாலு நிலத்தைப் பற்றியும். தன் நிலத்தைப் பற்றி மட்டும் இல்லை, அது முக்கியம். எழுத முடியாத பிள்ளையிடம் வாய்மொழியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போன தடவை எடுத்ததைவிட இந்தத் தடவை எவ்வளவு கூடியது என்பதை வீட்டுக் கணக்கில் சேருங்கள். இரண்டிலிருந்து நாலுக்கு வந்த பிள்ளை வீட்டுக்கு இரண்டு கொண்டுவருகிறாள். எப்போதும் ஐந்து எடுப்பவளுக்குக் கூட்ட இடமில்லை, அவள் ஐந்து எடுத்தாலே இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடம் நடக்கும்போதே செய்ய வேண்டிய வளரறி மதிப்பீட்டுக்கு எதையாவது தேடித் தேடி எழுதுகிறீர்களே, இதையே பதிவு செய்யலாம், பிள்ளைகள் வரைந்த பாலைப் படங்களே சான்று.

எழுத்துத் தேர்வு வேண்டாத நாளில், வீட்டில் உள்ள நாலு பேருக்கும் ஒன்று முதல் நாலு வரை எண் கொடுத்துவிட்டு, கேள்வியைக் கேட்டு, "ஒரு நிமிஷம் பேசிக்கோங்க" என்று விட்டு, அப்புறம் "மூணாம் நம்பர் எந்திரிங்க" என்று சொல்லுங்கள். யார் எழுந்திருக்க வேண்டி வரும் என்று முன்கூட்டியே தெரியாததால் எல்லாரும் எல்லாருக்கும் சொல்லிக் கொடுப்பார்கள்.

குழுத் தலைவர் யார் என்பதில் தினம் ஒரு அழுகை நடக்கும். அதற்கு உத்திரமேரூர் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி வாரியத்துக்கு, அதாவது ஊர்ச் சபையின் குழுவுக்கு, ஆள் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பொறுப்பை ஏற்கனவே வகித்தவர் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார் என்று விதியும் இருந்தது. உங்கள் வகுப்பில் பனையோலைக்கா பஞ்சம்? நறுக்கில் பெயர் எழுதி ஒரு சொம்பில் போட்டு, ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள், ஒரு வாரம் தலைவராக இருந்தவர் பெயர் அடுத்த மூன்று வாரம் சொம்பில் இருக்கக் கூடாது. கல்வெட்டில் நிலமும் வீடும் சொந்தமாக இருப்பவர்தான் தகுதி பெறுவார், 35 வயதுக்குக் குறையக் கூடாது என்றெல்லாம் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். "அப்ப வீடு இல்லாதவங்க?" என்று யாராவது கேட்டால் உள்ளாட்சி பற்றிய பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.

சத்தம் பற்றி. உங்கள் தலைமை ஆசிரியர் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது, பக்கத்து அறையில் ஒன்று முதல் மூன்று வரை மூன்று வகுப்பை அவர் ஒருவராகச் சமாளிக்கிறார் இல்லையா? "பக்கத்துப் பாய்க்குக் கேட்டால் அது அதிகம்" என்று ஒரே ஒரு விதி வையுங்கள், நீங்கள் கையை உயர்த்தினால் பார்த்தவர்களும் கையை உயர்த்தி வாயை மூட வேண்டும் என்று பழக்குங்கள், ஒரு வாரத்தில் வந்துவிடும். வெயில் இல்லாத நேரத்தில் இரண்டு குழுவை வேப்பமரத்தடிக்கு அனுப்பலாம். அவரை ஒரு நாள் உப்புக் கேள்வி நடக்கும்போது வந்து உட்காரச் சொல்லுங்கள், அந்தச் சத்தம் எதைப் பற்றியது என்று காதால் கேட்டால் அவரே புரிந்துகொள்வார். 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது பாய் போட்டு வட்டமாக உட்கார்ந்ததும், பிள்ளைகள் எட்டும் உயரத்தில் சுவரில் கரும்பலகை அடித்ததும் அவருக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் கரும்பலகை உங்கள் அறையில் இன்னும் இருந்தால் வீட்டுக்கு ஒரு பங்கு ஒதுக்கிக் கொடுத்துவிடுங்கள்.

படத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம், ஏற்கனவே நிறையச் செலவழித்துவிட்டீர்கள். போன வருஷத்துப் பழைய பாடநூல்களை வாங்கி வெட்டுங்கள், ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர், கோயில் கடைக் காலண்டர். மலைக்கும் காட்டுக்கும் மட்டும் இணையத்தில் நல்ல புகைப்படம் தேடி எடுத்து டேப்லெட்டில் காட்டுங்கள், தேயிலை இல்லாத மலையாகப் பார்த்து. மருதத்துக்கும் நெய்தலுக்கும் உங்கள் போன் இருக்கிறது, கண்மாயும் கடலும் பக்கத்தில் இருக்கின்றன.

முக்கியமாகக் கண்மாயை இரண்டு முறை படம் எடுத்து வையுங்கள். கார்த்திகையில் தண்ணீர் தளும்பி நிற்கும்போது ஒன்று, சித்திரையில் வெடித்துக் கிடக்கும்போது அதே கரையில் அதே இடத்தில் நின்று இன்னொன்று. அடுத்த வருஷம் பாலை முடிந்த அன்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "நம்ம ஊரு எந்த நிலம்?" என்று கேளுங்கள். கடல் பக்கத்தில் இருக்கிறது, கண்மாய்ப் பாசன வயல் இருக்கிறது, ஆடு மேயும் தரிசு இருக்கிறது, சித்திரையில் இப்படியும் கிடக்கிறது. வீட்டுக்கு ஒரு பதில் வரும், சண்டை வரும். நீங்கள் தீர்ப்புச் சொல்லாமல், எதை வைத்துச் சொல்கிறாய் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருங்கள்.